காலி மேஜைகள்

சொட்... சொட்... சொட்...

சத்தம் வந்த பக்கம் திரும்பியவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஏறாதா பின்னே? துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த வாசிப்பு மேஜையின் மேல் ஒரு கறுப்புக் குடை! அதுவும் விரித்தபடியே! அதிலிருந்து வழிந்த மழைத் தண்ணீர் அன்றைய நாளிதழின் மேல் குளம் கட்டிக்கொண்டிருந்தது.

"யாரோட குடைங்க இது?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான் அவன். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... பாவம், ஆள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்தன.

"என்னோடதுதாங்க."

"இது என்ன உங்க வீட்டு மொட்டை மாடியா, குடை காயப்போட?"

"மேஜை காலியா இருந்துச்சு... அதான்..."

"காலியா இருக்கற இடமெல்லாம் உங்களுதா? நல்லா இருக்கே கதை!"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். இப்போது கண்கள் அவளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டன. கண்டுபிடித்த இடத்திலேயே ஒரு நொடி நின்றும்விட்டன. பிறகு அவள் தலைக்கு மேலே தொங்கிய 'அமைதி' பலகையை ஒரு முறை பார்த்தான். விரலை உதட்டில் வைத்தான்.

"உஷ்..."

யாரைப் பார்த்து? அந்த நூலகத்துக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'உஷ் மேடம்'. வருகிறவர் போகிறவர் அத்தனை பேரையும் ஒரு 'உஷ்'ஷில் அடக்கி உட்கார வைப்பவள். அவளுக்கே உஷ்ஷா! அவள் குடையை வெடுக்கென்று மடக்கி அவன் கையில் திணித்தாள். அதில் மிச்சமிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் புடவையிலேயே கொட்டியது.

அவன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே... அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நூலகம் பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. பழைய கட்டடம், ஒழுகுகிற கூரை, மழை வந்தால் மூன்று இடத்தில் வாளி. ஆனால் பகலில் போய்ப் பாருங்கள், நாற்காலி கிடைக்காது. இரவு வேலை முடிந்த நர்ஸ் ஒருத்தி, விடுதிக்குப் பேருந்து வரும்வரை ஒரே நாவலை நாளுக்குப் பத்துப் பக்கமாகப் படிப்பாள். அடுத்த நடைக்கு நேரம் இருக்கும் கண்டக்டர் விசில் கழுத்தில் தொங்கத் தொங்கச் சரித்திரப் புத்தகத்தில் மூழ்கிக் கிடப்பார். துணிக்கடைப் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்து தேர்வுக்குப் படிப்பார்கள். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போக நிரந்தர முகவரிக்கு அத்தாட்சி வேண்டும். விடுதியிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் இருப்பவர்கள் அத்தாட்சிக்கு எங்கே போவது? அதனால் அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள்.

படித்துவிட்டு எழுந்தால் ஒரு சட்டம் உண்டு. 'எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.' அவளே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிய பலகை. யாராவது மேஜையில் போட்டுவிட்டுப் போனால் வாசல்வரை துரத்திப் போய்க் கூட்டி வருவாள். கண்டக்டர்கூட அவளுக்குப் பயந்து, ஓட்டுநர் ஹார்ன் அடிக்க அடிக்க, புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் ஓடுவார். சாயங்காலம் பூட்டும்போது ஒரு மேஜையிலும் ஒரு காகிதம் கிடக்காது. அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

இந்த நூலகத்தைத்தான் ஊருக்கு வெளியே, புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடப் போகிறார்களாம். இங்கே நாலு மாடி வணிக வளாகம் வருமாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மனை, சும்மா விடுவார்களா? புது இடத்துக்குப் பேருந்து கிடையாது, நடைபாதை கிடையாது. நர்ஸ் எப்படிப் போவாள், கண்டக்டர் எப்படிப் போவார் என்று ஒருவர் வாய் திறந்து கேட்கவில்லை. அவள் கேட்டதற்கு, "அங்க ஏசி போட்டுத் தர்றோம்" என்றார் நகரசபைத் தலைவர். ஏசியில் யார் உட்காருவது, காக்காயா?

இந்த எரிச்சலுக்கு நடுவில்தான் அந்தக் குடைக்காரன் தினமும் வர ஆரம்பித்தான். எல்லாரும் போன பிறகு, பூட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால். ஒரு சுற்றுச் சுற்றுவான், ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டுவான், எழுந்து போவான்.

"சார், இது லைப்ரரி. பஸ் ஸ்டாண்டுல இடமில்லன்னா ஒதுங்கற இடம் இல்ல."

"இன்னைக்கு மழையே இல்லீங்களே."

"அதான் கேக்கறேன். மழையும் இல்ல, நீங்க படிக்கறதும் இல்ல. அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"படிச்சிட்டுத்தான் இருக்கேன்..." என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் குனிந்துகொண்டான். கையிலிருந்த புத்தகம் தலைகீழாக இருந்தது.

அன்று பூட்டும்போது சாவி மூன்று முறை கை தவறிக் கீழே விழுந்தது. ஐயோ, என்ன ஆயிற்று எனக்கு... என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவு முகம் பார்க்கும் கண்ணாடி ஆனது. பக்கத்து ஜெராக்ஸ் கடை அவள் அண்ணியுடையது. ஜன்னல் வழியே எல்லாம் தெரியும்.

"ஊர்ல எல்லாரும் வேலைக்கு வரும்போது பவுடர் போடுவாங்க. பூட்டற நேரத்துல போடற ஒரே ஆளு நீதான்டி."

"அண்ணி! வேர்த்துச்சு, அதான்..."

"வேர்க்கும், வேர்க்கும். ஆறு மணிக்குன்னா ரொம்பவே வேர்க்கும்."

நாலாவது வாரம் ஒரு மதிய நேரம். நகரசபைத் தலைவர் ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்தார். அன்று பார்த்து ஏதோ கடையடைப்பு, பேருந்து ஓடவில்லை, நூலகத்தில் ஈ காக்காய் இல்லை. வந்தவர்களில் ஒருவன் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அளவு நாடாவுமாக நின்றான்.

குடைக்காரன்.

"இந்தத் தம்பி சர்வே கம்பெனி. ஒரு மாசமா சாயங்காலம் வந்து, மேஜையில எத்தனை புத்தகம் கிடக்குதுன்னு எண்ணியிருக்காரு" என்றார் தலைவர், காலி நாற்காலிகளைத் தட்டிக்கொண்டே. "ஒண்ணுகூட இல்லியாம்! ஒருத்தனும் படிக்காத லைப்ரரிக்கு ஊர் நடுவுல இடம் எதுக்கும்மா?"

அவளுக்குக் காது அடைத்துப்போனது. என்னைப் பார்க்க வருகிறான் என்று நினைத்தேனே... மேஜையைப் பார்க்க வந்திருக்கிறான்! அதற்குப் பவுடர் வேறு!

தலைவர் காருக்குப் போனதும் அவன் மட்டும் தயங்கி நின்றான்.

"மேடம்... சொல்லக் கூடாதுன்னு கம்பெனியில உத்தரவு. தெரிஞ்சா நீங்களே புத்தகத்தை எடுத்து மேஜையில போட்டுடுவீங்கன்னு..."

"ஓ! நான் ஏமாத்துவேன்! நீங்க பண்ணினது என்னவாம்? தினம் வந்து சிரிச்சுப் பேசி..."

"சிரிச்சது பொய் இல்லீங்க. ஆனா எண்ணினதும் பொய் இல்ல. எந்த லைப்ரரியிலயும் படிச்சவங்க புத்தகத்தை மேஜையில விட்டுட்டுத்தான் போவாங்க. அதை எண்ணித்தான் கணக்கு. இங்க ஒரு நாள்கூட ஒண்ணும் இல்ல. நான் என்ன செய்ய?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவன் தோளுக்குப் பின்னால் சுவரில் இருந்த அந்தப் பலகை கண்ணில் பட்டது. எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே...

அடிப் பாவி. நானேதானா?

"வெளிய போங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள்.

"அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே, இதுதான் காரணம்னு?"

"சொல்லமாட்டேன். அவன் முன்னாடி போய் என் தப்புன்னு நிக்கணுமா? ஒரு மாசம் வேவு பார்த்தவன் முன்னாடி?"

"சரி, நீ வீம்பு புடிச்சு உக்காந்துக்கோ. அந்த நர்ஸ் பொண்ணு பாதி நாவலோட நடுத்தெருவுல நிக்கட்டும்" என்றாள் அண்ணி. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

இரண்டு நாளில் கருத்துக் கேட்புக் கூட்டம். நகரசபை மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் எழுந்து கணக்கை வாசித்தார். 'வாசகர் இல்லை' என்ற சொல்லை மட்டும் அழுத்தி அழுத்தி வாசித்தார். முன்வரிசையில் சர்வே கம்பெனி மேலாளர், அவருக்குப் பக்கத்தில் தலை குனிந்தபடி அவன். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை... பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

"நூலகர் ஏதாவது சொல்லணுமா?"

எழுந்தாள்.

"மேஜை காலியா இருந்ததுக்குக் காரணம் நான். புத்தகத்தை எடுத்த இடத்துல வைக்கணும்னு போர்டு மாட்டினது நான். வைக்காதவங்களைத் துரத்தித் துரத்தி வைக்க வெச்சது நான். வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. ஆனா ஒழுங்கா இருந்த பாவத்துக்குப் படிக்கறவங்களை ஊரை விட்டுத் தூக்காதீங்க!"

தலைவர் சிரித்தார். "கடைசி நேரத்துல நல்லா கதை கட்றீங்கம்மா."

"கதை இல்லீங்க."

எழுந்தவன் அவன். மேலாளர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

"கணக்கு என்னோடது. தப்பும் என்னோடதுதான். ஒரு மாசத்துல ஒரு நாள்கூட நான் பகல்ல போய்ப் பார்க்கல. நேத்து இவங்க மனு கொடுக்க இங்க வந்திருந்தப்ப நான் லைப்ரரிக்குப் போனேன். உக்கார நாற்காலி இல்ல. நின்னுக்கிட்டே ஒரு புத்தகத்தைப் புரட்டிட்டு மேஜையில வெச்சேன். ஒரு நர்ஸ் எழுந்து வந்து, 'ஏங்க, மேடம் இல்லாத நேரத்துல இப்படிப் பண்றீங்களே, மனசாட்சி இல்லியா?'ன்னு கேட்டாங்க. இந்தக் கணக்கை நான் வாபஸ் வாங்கறேன்."

மண்டபத்தில் ஒரே கூச்சல். "பஸ்ஸைத் தவற விட்டாலும் விடுவேன், புத்தகத்தை மேஜையில விட்டதில்லய்யா!" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். யாரும் கேட்காமலே விசிலும் அடித்தார். தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை. "சரி, சரி. ஒரு வாரம் மறுபடி எண்ணட்டும்" என்றார், எண்ணினாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில்.

மறுநாள் காலை அவள் அந்தப் பலகையைத் தன் கையாலேயே கழற்றி வைத்தாள். பழக்கதோஷத்தில் புத்தகத்தோடு அலமாரிக்கு நடந்தவர்களை, "அப்படியே போட்டுட்டுப் போங்க!" என்று வாசலில் நின்று விரட்டினாள். போட்டுவிட்டுப் போக அவர்களுக்குத்தான் மனசே வரவில்லை. ஆனாலும் போட்டார்கள். வாரக் கடைசியில் தலைவர் நேரில் வந்தபோது, கையை ஊன்ற மேஜையில் ஓர் இடம் இல்லை. எங்கும் புத்தகங்கள். அத்தனையும் புரட்டிய சூட்டோடு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணி கடையை விட்டு ஓடி வந்து சிரித்தாள். இடமாற்றம் இல்லை, கூரையை மட்டும் இங்கேயே புதுப்பிப்பது என்று முடிவானது. அந்த முடிவைக்கூட ஏதோ தானம் கொடுப்பதுபோல அறிவித்தார்கள், அது வேறு விஷயம்.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் நல்ல மழை. ஜன்னல் கம்பிகளில் துளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இறங்கின. இரவு வேலைக்குக் கிளம்பும் முன் நர்ஸ் மட்டும் மூலையில் கடைசி அத்தியாயத்தில் இருந்தாள். வாசலில் கறுப்புக் குடை வந்து நின்றது. இந்த முறை ஒழுங்காக மடங்கி.

"எண்ண வந்தீங்களா?"

"இல்லீங்க. கம்பெனியில வேற ஆளை வெச்சிட்டாங்க. எனக்கு வேற வேலை பார்க்கச் சொல்லிட்டாங்க."

அவளுக்குத் திக்கென்றது. "எங்களாலயா?"

"என்னாலதான்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்கள் மறுபடி தடுமாறின... ஆனால் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. "ஒண்ணு சொல்லணும். அந்தக் கணக்குக்கு ஒரு வாரம் போதும். மொத வாரத்துலயே முடிஞ்சுடுச்சு."

"அப்புறம் மூணு வாரம் எதுக்கு வந்தீங்க?"

அவன் குனிந்து, மிக மெல்லிய குரலில், உதடு அசைவது மட்டும் தெரிய ஏதோ சொன்னான்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. காதுமடல் வரை சூடாகிவிட்டது. ஆனால் ஒரு மாதத்துக் கோபம் இருக்கிறதே, அது அத்தனை லேசில் விடுமா?

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"இது... லைப்ரரிங்க..."

"இருக்கட்டும்! என் மேஜை காலின்னு ஊருக்கே கேக்கற மாதிரி கணக்கு குடுத்தீங்கல்ல? இதையும் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க!"

அவன் 'அமைதி' பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒரு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்! எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு!"

"எனக்கும்தான்!" என்று அவளும் கத்தினாள். அதே கோபத்தோடு, கண்ணில் தண்ணீரோடு.

மூலையிலிருந்து, புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, நர்ஸ் விரலை உதட்டில் வைத்தாள்.

"உஷ்...!"