பதினேழாவது பொட்டலம்

தராசின் எண் நிலைக்கவில்லை. ஒரே இலைக்கு 5.012 என்றது, 5.019 என்றது, மறுபடி 5.012.

ஆரோக்கிய ஷீலா மின்விசிறியை நிறுத்தினாள். தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். காரைக்குடியில் இந்த ஆய்வுக்கூட மாடியில் பதினோரு வருஷமாக, பாடம் செய்த புகையிலையில் தங்கிய பூச்சிமருந்தை அளந்து அளந்து, அந்த நெடி அவள் மூக்கிலேயே குடியேறி, சோற்றிலும் தலையணையிலும் கூடவே வந்துகொண்டிருந்தது. பதினாறு பொட்டலம் முடிந்தாயிற்று. இதையும் முடித்துவிட்டால் பள்ளத்தூர் பஸ்ஸில் ஏறி, வீட்டில் போய் விழலாம்.

எண் ஏறியது. இறங்கியது.

இலை ஈரமாக இருந்தது. மூன்று மாதம் உலர்ந்த இலையில் வேர்வை மாதிரி பொடிப்பொடியாக நீர். மாதிரிகளைச் சேகரித்து வந்த மருதுவுக்கு போன் போட்டாள்.

"பதினேழாவது எங்குட்டுப்பா எடுத்த?"

"ஒண்ணு கொறஞ்சுச்சுக்கா. புகையிலைக் கொட்டகைத் தரையில கெடந்ததை எடுத்துப் போட்டேன்."

"கீழ கெடந்ததையா?"

மருது குரலைத் தாழ்த்தினான். "மருந்தடிக்கிற ஆளு ஒருத்தரு முந்தாநாள் அங்கனதான் நுரை தள்ளிச் செத்துக் கெடந்தாராம். கையில இந்த இலையைப் பிடிச்சிருந்தாராம். எதையும் எழுதிராதீகக்கா. கொட்டகை மொதலாளி சொல்லிட்டாரு."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எண்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏற்றம், சிறு நிறுத்தம், இறக்கம். தூங்குகிறவன் நெஞ்சு போல. பிறகுதான் உறைத்தது: அவள் மூச்சை இழுக்கும்போது ஏறுகிறது, விடும்போது இறங்குகிறது.

மூச்சைப் பிடித்தாள்.

எண் நின்றது.

விட்டாள். இறங்கியது.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் நாளைக்கு மறுபடி வந்து பதில் சொல்ல வேண்டுமே என்ற அலுப்பு. பேனாவை எடுத்தாள். 'மாதிரி 17: சேதமடைந்தது. சோதிக்கவில்லை.' கையெழுத்துப் போட்டாள்.

எண் நின்றது.

இந்த முறை அவள் மூச்சைப் பிடிக்கவில்லை. இழுத்தாள். வரவில்லை. வாயைத் திறந்து இழுத்தாள். நெஞ்சு கல்லாகக் கிடந்தது. உதட்டில் ஏதோ வழிந்தது. கையுறையால் துடைத்தாள்.

வெள்ளை நுரை.

மேசையில் சரிந்தாள். கண்ணுக்கு நேரே தராசு. கண்ணாடிக்குள் இலை மெல்ல உப்பியது, வற்றியது.

எண்கள் ஏறின. இறங்கின. நிதானமாக, இனி அவள் மூச்சு தேவையில்லாமல்.