திராட்சை டப்பாவில் கொய்யா

அந்த வீட்டில் அவளுக்கு ஆடிட்டர் என்று பெயர். வயது பத்துதான். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அப்பாவே கொஞ்சம் பயப்படுவார். குளியலறை சோப்பு எத்தனை நாளில் கரையும், அப்பா சட்டைப் பையில் சில்லறை எவ்வளவு கிடக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

தம்பிக்கு வாலு என்று பெயர். வயது ஆறு. ஏன் அப்படி ஒரு பெயர் என்று தெரியவேண்டுமானால், அவனோடு அரை மணி நேரம் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு கேட்கவே மாட்டீர்கள்.

வாலுவுக்கு அக்கா என்றால் உயிர். அவள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பான். அவளுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கித் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான். இப்படி நகமும் சதையுமாக இருந்தவர்களுக்கு நடுவே ஒரு கொய்யாப்பழம் வந்து உட்கார்ந்தது.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பக்கத்துப் பல் விழலாமா வேண்டாமா என்று ஆடிக்கொண்டிருந்தது. அது போதாதென்று பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. அம்மா இருவரையும் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லை. பிரஷ்ஷை அழுத்தாம, மெதுவா தேய்க்கணும். வைட்டமின் சி இருக்கிற பழமா பார்த்து தினமும் குடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

"அப்பவும் சரியாகலேன்னா?" என்று கேட்டான் வாலு.

"இதே நாற்காலியில உட்கார வச்சு, வேற என்ன பண்ணலாம்னு பார்ப்போம்."

வாலு அந்த நாற்காலியைப் பார்த்தான். பக்கத்துத் தட்டில் பளபளத்த கருவிகளைப் பார்த்தான். அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஏன்டா கவலைப்படறே? நான் பார்த்துக்கறேன்" என்றாள் ஆடிட்டர்.

வீட்டுக்கு வந்ததும் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருந்தது. நூறு கிராம் பழத்தில் எத்தனை மில்லிகிராம் வைட்டமின் சி என்று போட்டிருந்தது. கொய்யா, ஏறக்குறைய இருநூற்று இருபத்தெட்டு. பப்பாளி அறுபது. அன்னாசி நாற்பத்தெட்டு. மாம்பழம் முப்பத்தாறு. வாழைப்பழம், பாவம், ஒன்பது.

"கொய்யாதான் முதல் மார்க்! மத்ததெல்லாம் கிட்டவே வர முடியாது" என்று அறிவித்தாள்.

பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்திருந்த அப்பா, "மாம்பழமும் கொஞ்சம் வாங்கலாமே?" என்று மெல்லக் கேட்டார்.

"அது நாலாவது இடம்ப்பா."

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் முதல் கொய்யா ராஜ்யம் தொடங்கியது. அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அதனால் சமையலறை மேசையில் ஒரு கிராம்கூடத் தப்பாத தராசு இருந்தது. ஆடிட்டர் தினமும் சரியாக நூறு கிராம் கொய்யாவை நறுக்கி, நிறுத்து, தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு."

"வேண்டாம்."

"நாற்காலி ஞாபகம் இருக்கா?"

வாலு தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் காலித் தட்டோடு வருவான். ஆடிட்டர் காகிதத்தில் ஒரு டிக் போடுவாள்.

டிக்குகள் வரிசையாக ஏறின. ஈறில் ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அதைவிட மோசமான இன்னொன்றும் நடந்தது. வாலு வாசலில் நிற்பதை விட்டுவிட்டான். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே போதும், "அக்கா வந்துட்டா!" என்று கத்திக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். முன்பெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைச் சந்தோஷமாகச் சொல்வான். இப்போது திருடனைக் கண்டவன் மாதிரி சொன்னான். ஆடிட்டர் குனிந்து கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டான். ஆனாலும் அவள் பிடித்த பிடியை விடவில்லை. அவனுடைய நல்லதுக்குத்தானே?

அந்த வாரச் சனிக்கிழமை அம்மா கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருந்தாள். உலர்ந்த திராட்சை டப்பாவுக்குள் பார்க்காமலே கையை விட்டாள்.

"ஐயோ, பல்லி!"

டப்பா பறந்தது. திராட்சை நாலாபக்கமும் உருண்டது. அப்பா துடைப்பத்தோடு ஓடிவந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"பல்லி இல்ல. கொய்யா."

கதவுக்குப் பின்னால் நின்ற வாலு திருதிருவென்று விழித்தான்.

"ஒரு டப்பா திராட்சையும் பாழ்! சாயங்காலம் கேக்கு குடுக்கணும், இப்ப நான் எங்க போவேன்?" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். போகிற போக்கில் ஆடிட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. உன் ஏட்டுக் கொய்யா திராட்சைக்கும் உதவல போல இருக்கே!"

ஆடிட்டருக்கு முகம் சிவந்தது. தரையில் கிடந்த கொய்யாத் துண்டுகளைப் பொறுக்கித் தராசில் வைத்தாள். தொண்ணூற்று ஐந்து கிராம். அப்படியென்றால் இன்றைக்கு அவன் வயிற்றுக்குள் போனது வெறும் ஐந்து கிராம். பெருக்கி, வகுத்துப் பார்த்தாள். இருநூற்று இருபத்தெட்டு எங்கே? பதினொன்று எங்கே?

"நேத்து குடுத்தது?" என்று கேட்டாள்.

"சோபாவுக்குப் பின்னாடி."

"முந்தாநாள்?"

"பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி ரொம்பப் பசியா இருந்துச்சுக்கா."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், கையிலிருந்த துண்டைத் தற்செயலாகப் பார்த்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. எலி கடித்தது போல. பக்கத்தில் இன்னொரு கடி. இன்னொன்று. பையன் சாப்பிடத்தான் பார்த்திருக்கிறான்.

"ஏன்டா முழுசா சாப்பிடல?" இத்தனை நாளில் அவள் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வாலு கிட்டே வந்தான். வாயை ஆவென்று திறந்து காட்டினான். ஆடிட்டர் டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தாள். பல் விழுந்த இடத்தில் ஈறு சிவந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு கொய்யா விதை குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"கடிச்சா ஆடுற பல்லு வலிக்குது. கடிக்கலேன்னா விதை குத்துது" என்றான். உதடு பிதுங்கியது. "நீ திட்டுவேன்னுதான் சொல்லல."

ஆடிட்டருக்கு அழுகையே வந்துவிட்டது. டம்ளரில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து கொப்பளிக்க வைத்தாள். விதை வெளியே வந்தது.

"ஸாரிடா. நான் பழத்தையே பார்த்துட்டு இருந்துட்டேன். உன் வாயைப் பார்க்கவே இல்ல."

"பரவால்லக்கா. வாயில பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. பல்லுதான் போயிடுச்சே" என்றான் வாலு.

மறுநாள் மேசைமீது நான்கு கிண்ணங்கள் வந்தன. பப்பாளி, அன்னாசி, மாம்பழம், வாழைப்பழம். எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி நிறுத்து வைத்திருந்தாள்.

"இன்னைக்கு நீதான் நீதிபதி. பிடிச்சதைச் சாப்பிடு, பிடிக்காததை வச்சுடு. மிச்சத்தை நான் நிறுத்துக்கறேன்."

நீதிபதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாற்காலியில் ஏறினான். பப்பாளியை முகர்ந்தான். "உவ்வே, சோப்பு வாசனை." அன்னாசியில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு குதித்தான். "எரியுது! எரியுது!" வாழைப்பழத்தைச் சாப்பிட்டான், ஆனால் வைட்டமின் சி என்று பார்த்தால் அதில் கிடைத்தது கொஞ்சம்தான். அடுத்து மாம்பழக் கிண்ணத்தை இழுத்தான்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சாறு முழங்கை வரை வழிந்தது. கிண்ணம் காலியானதும் வாலு அதை வழித்து நக்கினான். "இன்னும் இருக்கா?"

"இன்னுமா?"

"கடிக்கவே வேணாம்க்கா. அதுவா உள்ள போகுது."

இரண்டாவது கிண்ணமும் காலி. மொத்தம் இருநூறு கிராம். ஆடிட்டர் கணக்குப் போட்டாள். எழுபத்திரண்டு! அவன் வயதுக்கு அது தாராளம். நாலாவது இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாம்பழம், தம்பியின் வயிற்றுக்குள் போனதும் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

"கொய்யாவுக்கு வருத்தமா இருக்காதா?" என்று கேட்டான் நீதிபதி.

"உனக்குப் புதுப் பல் முளைக்கட்டும். அப்புறம் அதைக் கூப்பிடலாம்."

தினமும் மாலையில் மாம்பழம் வந்தது. பிரஷ்ஷும் மெதுவாக நடந்தது. ரத்தம் குறைந்தது. டாக்டரிடம் மறுபடி போனபோது, நாற்காலியில் வாலு தானாகவே ஏறி உட்கார்ந்தான். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈறு சுத்தமா ஆறிடுச்சே! சமத்து" என்றார்.

"நான் இல்ல. எங்க அக்கா" என்றான் வாலு.

அன்று மாலை இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கிண்ணத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சம். இருந்ததிலேயே பெரிய துண்டு. அவன் அதை எடுப்பான் என்று ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு எடுத்தான். ஆனால் அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"எனக்கு எதுக்குடா?"

"உனக்கும் ஈறு இருக்குல்ல? ஆ காட்டு."

ஆடிட்டர் ஆ காட்டினாள்.