சிரித்த முகம்

குழந்தைக்கு ஊட்டக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தவள், மகளின் வாய் ஏற்கெனவே துடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். கன்னத்தில் ஒற்றைச் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. தொட்டாள், இளஞ்சூடு. அவள் கையிலிருந்த கிண்ணத்தில் சோறு பிசைந்தது பிசைந்தபடியே இருந்தது. வயிறு நிறைந்த முகத்தோடு மகள் ஏப்பம் விட்டாள்.

வீட்டில் வேறு யாருமில்லை. கணவன் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தான். மூன்றாவது மாடி, கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தூக்கம் கெட்டால் புத்தி இப்படித்தான் தடுமாறும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிள்ளை பெற்றதிலிருந்தே சரியான தூக்கம் இல்லை. போனில் மாமியார் தினமும் ஒன்றையேதான் சொல்வார்: எப்போதும் சிரித்த முகமாக இரு, குழந்தைக்கு அதுதான் ஒட்டும். அவளும் கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தாள். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் மற்ற வேலைகளும் தாமாக நடந்தன. ஊறப்போட்ட துணி கொடியில் காய்ந்தது. போட்டது போட்டபடி விட்ட பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மதியங்களில், திரைச்சீலை வழியே வெயில் மஞ்சளாகக் கசிய, கண் செருகும் நேரத்தில், சமையலறைக் குழாய் மெல்லத் திறக்கும் ஓசையும், வெறும் காலின் ஈரமான ஒட்டல் சத்தமும், புளித்த பாலும் வியர்வையும் கலந்த ஒரு வாசனையும் வரும். அது அவளுடைய வாசனை. பக்கத்து அறையிலிருந்து வந்தது.

கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"நீயே செஞ்சுட்டு நீயே மறந்துடற. ஆனா ஒண்ணு, இப்பதான் நம்ம வீடு வீடா இருக்கு. நேத்து நான் வந்தப்ப வாசல்லயே சிரிச்சுக்கிட்டு நின்னியே, பாக்கவே எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

நேற்று அவன் வந்தபோது அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் மறுக்கவில்லை. மறுத்தால் எல்லாம் நின்றுவிடுமோ என்று பயந்தாள். மாதக்கணக்கில் கிடைக்காத தூக்கம் இப்போது கிடைத்தது. யாராக இருந்தால்தான் என்ன என்று ஒரு மதியம் நினைத்தாள். புரண்டு படுத்துக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் மகள் ஓடிவந்து மேசை விளிம்பில் இடித்துக்கொண்டாள். வீறிட்டாள். இவள் கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். குழந்தை அந்தக் கைகளுக்குக் கீழே குனிந்து, நழுவி, "அம்மா" என்று கத்தியபடி சமையலறைக்குள் போனது.

அழுகை சட்டென்று நின்றது.

உள்ளே யாரோ கொஞ்சினார்கள். இவளுடைய குரலில். இவள் என்றுமே கொஞ்சியிராத பொறுமையோடு.

பாய்ந்து உள்ளே போனாள். யாருமில்லை. நடுத்தரையில் மகள் மட்டும், முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல். அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படிகளில் இறங்கினாள். குழந்தை அவள் தோளுக்குமேல் எட்டி, மேலே கை நீட்டி, "அம்மா, அம்மா" என்று கதறியது. மாடிக்கு மாடி அந்தக் கதறல் சுவரில் மோதித் திரும்பியது. தெருவுக்கு வந்ததும் ஓய்ந்தது.

கணவனின் வண்டி நின்றிருந்தது. எஞ்சின் இன்னும் சுட்டது. லிஃப்டில் போயிருப்பான். கூப்பிடலாமென்று நிமிர்ந்தாள்.

மூன்றாவது மாடி பால்கனியில் விளக்கு எரிந்தது. இவளுடைய நைட்டியில் ஒரு பெண் நின்றாள். முகம் நிறையச் சிரிப்பு. பின்னாலிருந்து வந்த கணவன் அவள் தோளில் கை போட்டான். அந்தப் பெண்ணின் இடுப்பில் மகள். நெற்றியில் இடித்த இடம் சிவந்திருந்தது. மகள் தெருவைப் பார்த்தாள். யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல. பிறகு அந்தப் பெண்ணின் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டாள்.

கீழே, இவள் இடுப்பில் பாரம் இருந்தது.

குனிந்து பார்க்கவில்லை. முடியவில்லை.

தோளில் ஒரு தலை சாய்ந்தது. மூச்சு இல்லை. சூடு இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு சின்னக் கை இறுகியது. இன்னொரு கை அவள் முதுகைத் தட்டத் தொடங்கியது. மெதுவாக. அழும் பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல.