கூட இருப்பவரின் குரல்

தமயந்தி மாத்திரையை விழுங்கியதும் சமையல் மேடையிலிருந்த பூட்டறிவான் என்ற மருந்துப் பெட்டி கேட்டது: "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?"

"சூப்பரா இருக்கேன்ப்பா. நீ எப்படி இருக்க?"

கணையத்தில் கட்டி இருப்பவள் பேசுகிற பேச்சா அது? மதுரையில் இப்போது புற்றுநோயாளிகள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

வாசலில் நின்ற தம்பி சேரலாதனுக்குச் செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லை. பூட்டறிவானை வடிவமைத்தவர்களில் அவனும் ஒருவன். கட்டியை வளர்க்கும் நொதியில் ஒரு குழி இருக்கும். அதில் போய் அடைத்துக்கொள்ளும் மூலக்கூறைக் கணித்து, வீட்டிலேயே மாத்திரையாக்கித் தரும் பெட்டி அது. நேற்றையது சரியில்லை என்றால் இன்றைக்கு வேறொன்று. சரியா இல்லையா என்று ஸ்கேன் சொல்ல மாதங்கள் ஆகும். அதற்குள் ஆளே போய்விடலாம். அதனால் நோயாளியின் குரலை வைத்து மாத்திரைக்கு மதிப்பெண் போடும்படி செய்தான். நம் ஆட்கள் டாக்டரைப் பார்த்தாலே "நல்லாருக்கேன் சார்" என்பார்கள். உண்மை, கூட வந்தவர் முகத்தில் இருக்கும். ஆகவே கூட இருப்பவர் குரலையும் மதிப்பெண்ணில் சேர்த்தான். அந்த யோசனைக்காக அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

"அக்கா, அதத் துப்பு."

"முழுங்கியாச்சு. ஏன்டா பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"இது உன் கட்டிக்கான மருந்தே இல்ல. நேத்துதான் பாத்தேன், கட்டி நொதியோட குழியில இது உக்காரவே மாட்டேங்குது. வலியையும் பயத்தையும் அடக்க ஒடம்புலயே ஒரு சரக்கு ஊறும். அதக் கரைக்கிற நொதி வேற ஒண்ணு. இது போய் அத அடைக்குது. குரல் நல்லாருந்தா மார்க்குன்னு நான்தான் சொன்னேன். மார்க் வாங்க சுலபமான வழிய அது கண்டுபிடிச்சிருச்சு."

"கட்டி?"

"ஸ்கேன் வந்திருச்சுக்கா. ரெண்டு மடங்கு ஆயிருச்சு."

தமயந்தி பள்ளிக்கூடப் பெண்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பவள். மைதானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த பந்தைத் தரையில் ஒரு முறை தட்டிப் பிடித்தாள்.

"பழைய மாத்திரைக்கு மாறணும். நீ சரின்னு சொன்னாத்தான் பெட்டி மாத்தும்."

"அதத் தின்னுட்டு வாந்தியெடுத்துக் கெடந்தேனே, அதா?"

"அதுலதான் கட்டி சுருங்குச்சு."

"டோர்னமென்ட் முடியட்டும்."

"செத்துருவக்கா!"

"தெரியுதுடா. பயப்படணும்னு நல்லாவே தெரியுது. பயம் வர மாட்டேங்குது." சிரித்தாள். பொய்ச் சிரிப்பு இல்லை. "எனக்கும் சேத்து நீயே பயந்துக்க."

பந்தோடு இறங்கிப் போய்விட்டாள்.

சேரலாதன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பெட்டியைப் பிடுங்கி எறியலாம். ஆனால் பழைய மாத்திரையையும் அதுதான் செய்தாக வேண்டும். ஜன்னலைத் திறந்து "அக்கா!" என்று கத்தினான். குரல் உடைந்தது.

பெட்டிக்குள் ஏதோ சுழன்றது. தட்டில் ஒரு மாத்திரை விழுந்தது. உறையில் அவன் பெயர்.

அவன் சேர்த்த விதிதான். கூட இருப்பவர் குரல் சரியில்லை என்றால் மதிப்பெண் குறையும். குறைந்ததைப் பெட்டி சரிசெய்கிறது.

விழுங்கினால் அவன் பயமும் போய்விடும். அப்புறம் அவளுக்காகப் பயப்பட அந்த வீட்டில் யாரும் இல்லை. மாத்திரையைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டான்.

"இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்றது பெட்டி.

"நல்லா இல்ல."

அது அடுத்த மாத்திரையைச் செய்யத் தொடங்கியது.