கோளாறு: பூஜ்யம்

ஹெட்போனைக் கழற்றியதும்தான் கவனித்தான்: அம்மாவின் மூச்சில் அந்தச் சின்னத் தடங்கல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சுவாசக் கருவி காற்றைத் தள்ளும் சத்தம், ஸ்பிரிட் வாசனையோடு சேர்ந்து, கதவிடுக்கு வழியாகச் சீராக வந்துகொண்டிருந்தது. வழக்கமாக மூன்று மூச்சுக்கு ஒருமுறை எங்கோ தட்டும், இப்போது தட்டவே இல்லை.

சற்றுமுன் தங்கை போனில் விசாரித்தபோது, "மெஷின் அலாரம் அடிச்சுக் கத்தவே இல்ல. நிம்மதியா தூங்குறாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். அந்தக் கருவிக்குள் ஓடும் கெர்னல், அதன் அடித்தள நிரல், அவன் குழு எழுதியது.

போன மாதம், நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நூற்று நாற்பது எச்சரிக்கைகளைக் கொட்டியது. எல்லாம் ஒரே புலம்பல்: இந்த இடத்தில் எந்த எண்ணையும் மதிப்பாக வைக்காமலே அதைப் படிக்கிறாய். முக்கால்வாசி பொய் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"பூஜ்யம்னு போட்டு வாய அடைச்சுடுப்பா" என்றார் டீம் லீட்.

முதல் நூறைப் படித்துத்தான் அடைத்தான். பிறகு கண் எரிந்தது. மிச்சத்தைப் படிக்காமலே அடைத்துவிட்டு, எல்லாம் படித்ததாக எழுதிக் கொடுத்தான். இன்று விடியற்காலையில்தான் கருவி அந்தப் புது நிரலை ஏற்றிக்கொண்டது.

இப்போது வேறு வேலையாகத் திறந்த கோப்பில், படிக்காமல் அடைத்த வரிகளில் ஒன்று கண்ணில் பட்டது. மூச்சுக்குழாய் கழன்றதா என்று பார்க்கும் இடம். அங்குள்ள சென்சார் பதில் சொல்லாவிட்டால், அவன் வைத்த பூஜ்யமே பதில். பூஜ்யம் என்றால் கோளாறு இல்லை.

காலையில் அம்மாவைத் துடைத்துவிடக் குழாயைக் கழற்றி மாட்டினான். அப்போதும் அது கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டானே, பாவி.

எழுந்தான். நடையில் மாலை வெயில் மங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது: மதியம் சுவரில் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. பிறகு ஒன்று. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"அம்மா?"

கதவைத் தள்ளினான்.

பச்சை விளக்கு. திரையில் கோளாறு: 0. குழாய் தரையில் கிடந்தது. கருவி மூச்சுவிட்டது. குழாயின் வாயருகே கட்டிலடித் தூசு எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது.

அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. கை சுவரில் சாய்ந்திருந்தது, விரல் மடங்கி, இன்னொருமுறை தட்டப் போவதுபோல.