நடுக்கடலில் ரோஸ் இழை

வீட்டில் எல்லாரும் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவள். ஆனால் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அன்று பள்ளி விட்டதும் அத்தையின் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அத்தை கடல் விஞ்ஞானி. நாற்பது நாள் கப்பலில் போய், நடுக்கடல் தண்ணீரை ஜாடி ஜாடியாகப் பிடித்து வந்திருந்தார். அதை வடிகட்டி, வடிதாளில் தங்கும் பிளாஸ்டிக் துணுக்குகளை எண்ணுவதுதான் வேலை.

"ஓடி வாடி குண்டூசி!" அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லா ஜாடியிலும் ரோஸ் கலர் பிளாஸ்டிக் இழை! இதுவரைக்கும் யாரும் பார்க்காதது. நாளைக்குக் கூட்டத்துல சொல்லப் போறேன்."

குண்டூசி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெள்ளைத் தாளில் ஒரு ரோஸ் இழை சுருண்டு கிடந்தது. மூன்று மாதம் அவள் மடியிலேயே கிடந்த நிறமாயிற்றே அது!

அத்தை கப்பல் ஏறும்போது குளிருக்கு அவள்தான் ஒரு ரோஸ் குல்லா பின்னிக் கொடுத்திருந்தாள். ஒரு காது பெரிசு, ஒரு காது சின்னது. இதோ, இப்போதும் கதவுக் கொக்கியில் தொங்குகிறது.

சொன்னால் அத்தையின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால், நாளை அத்தனை பேர் முன்னால் அத்தை தப்பாகச் சொல்லிவிடுவார்.

"அத்தை, அந்தக் குல்லாவைப் போட்டுக்கிட்டா தண்ணி பிடிச்சீங்க?"

"பின்னே? நீ பின்னினதாச்சே! பருத்திச் சட்டை, பருத்திக் கோட்டு, உன் கம்பளிக் குல்லா. எங்க வேலையில பிளாஸ்டிக் துணியே ஆகாது, இழை உதிர்ந்து தண்ணியில கலந்துடும்."

"அது கம்பளி இல்ல அத்தை." குண்டூசி குல்லாவைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். "நூல்கண்டுச் சீட்டுல அக்ரிலிக்னு போட்டிருந்துச்சு. கலர் பிடிச்சுதேன்னு வாங்கினேன்."

அத்தை குல்லாவைத் தடவிப் பார்த்தார். "அக்ரிலிக்னா பிளாஸ்டிக் நூலாச்சே!"

குண்டூசி குல்லாவிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, ஜாடியில் கிடைத்த இழைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

மேஜை ஓரத்தில் மூடிய கண்ணாடித் தட்டு ஒன்று இருந்தது. "அது என்ன அத்தை?"

"தண்ணி பிடிக்கும்போது மேலேருந்து என்ன விழுதுன்னு பார்க்க, பக்கத்துல வைக்கிற வெறும் தட்டு. கடைசியில பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"இப்பவே பார்க்கலாமா?"

பார்த்தார்கள். கடல் தண்ணீரே படாத அந்தத் தட்டிலும் நாலு ரோஸ் இழைகள்!

குண்டூசிக்குக் கண் கலங்கியது. "என்னால உங்க வேலையெல்லாம் வீணாப் போச்சா?"

"வீணா? நல்லா இருக்கு! நாளைக்கு என் மானம் கப்பலேறியிருக்கும், நீ காப்பாத்திட்டே." அத்தை அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "உட்காரு. ரோஸை விட்டுட்டு மறுபடி எண்ணலாம்."

நூற்றுப் பத்து இழைகள் இருபத்தேழாகக் குறைந்தன.

"இருபத்தேழும் இருக்கக் கூடாததுதான்," என்றார் அத்தை. "ஆனா கடல் நான் நினைச்ச அளவுக்கு மோசமில்லைடி!" இருவரும் கைதட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் கூட்டத்தில் அத்தை படித்த அறிக்கை இப்படி முடிந்தது: 'ரோஸ் இழைகள் கடலுடையவை அல்ல, என் மருமகள் பின்னிய குல்லாவுடையவை. கண்டுபிடித்தவளும் அவளே.'

அரங்கமே சிரித்துக் கைதட்டியதாம்.

அந்த வாரமே குண்டூசி நூல் கடைக்குப் போனாள். அத்தையின் அடுத்த பயணத்துக்குப் புதுக் குல்லா வேண்டுமே! இந்தத் தடவை கலரைப் பார்க்கும் முன்பே சீட்டைப் படித்தாள்.