வியாழன் வாசலை வெட்டியது யார்?

மொக்கைச்சாமி மூச்சு வாங்கப் படியேறி வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைக் கொட்டினார்.

"அம்மா, இன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஒரு ஆளக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

ஜீனத் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள். பேகம்பூரில் மாடியில் ஒற்றை அறைதான் அவள் அலுவலகம். விபத்துக் காப்பீடு கேட்டு வரும் மனுக்களில் எது நிஜம், எது புளுகு என்று கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பது தொழில். பதிமூன்று வருடத்தில் அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவசரப்படுவதற்கென்றே கூட ஒருவன் இருந்தான், அவளுடைய சின்னம்மா மகன் வாஜித். பகலில் அக்காவோடு அலைவான். மிச்ச நேரத்தில் யூட்யூபில் சினிமா விமர்சனம் செய்வான். இரண்டிலுமே தனக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற கடுப்பு அவனுக்கு எப்போதும் உண்டு.

"ஆளு காணாமப் போயிருச்சா?" என்றான் வாஜித் ஆர்வமாக.

"இல்ல தம்பி. மூணு பேரும் என் ஸ்டுடியோவுலதான் இருக்காங்க. அதுல யாருன்னுதான் தெரியல."

கதை இதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் 'வியாழன் வாசல்' என்று ஒரு விண்வெளிப் படம் வந்து, மூன்று மணி நேரம் ஓடி, மூன்றே நாளில் தியேட்டரை விட்டும் ஓடிப்போனது. சென்னையில் ஒரு படத்தொகுப்பு நிறுவனம் அந்தப் படத்தை ரசிகர்களிடம் கொடுத்து, அவரவர் விருப்பப்படி மறுபடி வெட்டி அனுப்பச் சொல்லிப் போட்டி வைத்தது. ஜெயிப்பவருக்கு ஒரு வருடம் தங்க இடமும் பயிற்சியும் உண்டு. மொக்கைச்சாமியின் கல்யாண வீடியோ ஸ்டுடியோ மெயிலிலிருந்து எண்பத்தெட்டு நிமிடப் பதிப்பு ஒன்று போயிருக்கிறது. பெயர்க் கட்டம் காலி. நேற்று மாலை பதில் வந்துவிட்டது.

அவர் போனில் வாசித்தார்: "'முகங்களை இப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு மற்றதை நாங்கள் கற்றுக்கொடுப்போம். நாளை மாலை ஐந்து மணிக்குள் பெயரைத் தெரிவிக்கவும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும்.' எடிட்டர் அல் அமீன் 'நான்தான்'ங்கறான். கேமராமேன் அய்யனாரும் 'நான்தான்'ங்கறான். படம் வெட்டுற பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணுதான், மூணு பேரும் அதுல உக்காருவாங்க. வேலை முடிஞ்சா எல்லாத்தையும் அழிச்சிருவோம், இடம் பத்தாது. தப்பான ஆள அனுப்பிட்டா என் பேரு நாறிப்போகும்."

"மூணாவது ஆளு?" என்றாள் ஜீனத்.

"ஆல்பம் டிசைன் பண்ற தீபா. அது வாயே திறக்கல. ரெண்டு வருசமாவே அப்படித்தான். பின்னால இருந்து கூப்பிட்டா திரும்பாது. திமிரு."

வாஜித்துக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அந்த எண்பத்தெட்டு நிமிசத்தையா செலக்ட் பண்ணாங்க? அக்கா, போட்டிக்காரங்க எல்லாத்தையும் இணையத்துல போட்டாங்கல்ல, நான் விமர்சனம் பண்ணேனே! ஒன்றரை நட்சத்திரம் போட்டேன். அதுவே அதிகம்."

அவன் விரல் விட்டு எண்ணினான். படத்திலேயே குழந்தைகளுக்குப் பிடித்தது 'மின்னல்' என்ற ரோபோ. அதைச் சுத்தமாகத் தூக்கியாகிவிட்டது. விண்வெளி உடையும் ஹெல்மெட்டுமாக இரண்டு நண்பர்கள் பிரிகிற காட்சி, தியேட்டரில் அத்தனை பேரும் அழுதது, அதுவும் இல்லை. வடக்கேயிருந்து கூட்டிவந்த கதாநாயகிக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அழுகிற நான்கு நிமிடம்தான் மிச்சம். வானத்திலிருந்து எடுத்த பிரம்மாண்டமான ஷாட்டுகள் எல்லாம் காலி. ஆனால் கதாநாயகனின் அம்மா கேமராவைப் பார்த்துப் புலம்பி அனுப்புகிற வீடியோக் கடிதங்கள், பதினோரு நிமிட அறுவை, ஒரு நொடி குறையாமல் இருந்தன.

"அதோட பதினேழு இடத்துல பின்னணி இசை பாதியில அறுந்து தொங்குது. எண்ணிப் பார்த்தேன். அதான் கடைசியில கேட்டேன், 'இதை வெட்டின ஆளுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா?'ன்னு. நாப்பதாயிரம் பேர் பார்த்தாங்க."

"நாங்களும் கடையில எல்லாரும் உக்காந்து போட்டுப் பார்த்தோம் தம்பி. விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்றார் மொக்கைச்சாமி. வாஜித்துக்கு அன்று கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஸ்டுடியோ வாசலில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புழுதிக்குப் பயந்து வாஜித் முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

அல் அமீன் ஹெட்போனைக் கழற்றாமலே சலாம் சொன்னான். திரையில் யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளம் முடிச்சு விழுவதைவிட இமைப்பொழுது பிந்தி வருகிறதாம். நான்கு முறை நகர்த்தி நகர்த்திச் சரி செய்தபிறகுதான் நிமிர்ந்தான். "நான்தாங்க வெட்டினேன். ஒரு மாசம் ராத்திரி பகலா உழைச்சேன்."

அய்யனார் ட்ரோன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அவன் சொல்றது பச்சைப் பொய்ங்க. அந்தப் படத்துல வானத்துல இருந்து வாசலைக் காட்டுவான் பாருங்க, அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். நான் வெட்டாம வேற யாரு வெட்டுவா?"

இருவரும் சத்தம் போட்டதில் வாஜித்துக்குத் தலை வலித்தது. மூலையில் தீபா இருந்தாள். சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஒட்டியிருந்தாள். "வேலை நேரத்துல அழகு பார்க்கிறதுக்கு" என்று மொக்கைச்சாமி முணுமுணுத்தார்.

"நீங்க அந்தப் படத்தைப் பார்த்திருக்கீங்களா?" என்றான் வாஜித்.

தீபா அவன் கண்களையே பார்த்தாள். பதில் இல்லை. மறுபடி கேட்டான். அவள் திரும்பி ஏதோ ஒரு மணப்பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கத் தொடங்கிவிட்டாள். வாஜித்துக்கு சுருக்கென்று கோபம் வந்தது. டீ வந்தபோது முகக்கவசத்தைக் கீழே இழுத்துக்கொண்டு, அவள் முன்னால் போய் நின்று, மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"பார்த்திருக்கேன். தியேட்டர்ல நாலு தடவை" என்றாள் உடனே.

"என் விமர்சனம்?"

"பார்த்தேன். தெளிவா இருந்துச்சு."

அவ்வளவுதான். ஜீனத் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "நாலரைக்கு வாரோம்" என்றாள்.

அலுவலகத்துக்கு வந்ததும் வாஜித் வெடித்தான். "ரெண்டு பேரும் புளுகுறாங்க, அந்தப் பொண்ணு மதிக்கவே மாட்டேங்குது, மணி பன்னெண்டரை ஆச்சு. நீ என்னடான்னா டீ குடிக்கிற!"

"அந்தப் படத்தைப் போடு. முழுசாப் பார்ப்போம்."

"இன்னொரு தடவையா? என்னால ஏலாது அக்கா."

"இந்தத் தடவை சத்தத்தை நிறுத்திட்டுப் போடு."

வேண்டாவெறுப்பாகப் போட்டான். முதல் பத்து நிமிடம் முனகினான். அப்புறம் முனகலை மறந்துபோனான். அறுந்து தொங்கிய இசை இல்லாதபோது, ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் படம் வழுக்கிக்கொண்டு போனது. ஒருவர் உதடு மூடும்போது மற்றவர் கண் திறந்தது. அறுவை என்று அவன் தூக்கியெறிந்த அந்த அம்மா, கேமராவைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டது ஒலி இல்லாமலே அவனுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் அவனுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. அதை அக்காவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

படம் முடிந்ததும் ஜீனத் கேட்டாள்: "லாரி இடிச்ச வண்டியில எங்க அடிபட்டிருக்குன்னு எல்லாரும் பார்ப்பாங்க. நான் எங்க அடிபடலைன்னு பார்ப்பேன். வெட்டி எறிஞ்சதை விடு. மிச்சம் வச்சதுல என்ன இருக்கு?"

"முகம்" என்றான் வாஜித். சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பேசுற ஆளோட முகம் எல்லா இடத்துலயும் நேராத் தெரியுது."

"ரோபோவுக்கு?"

"வாயே இல்ல."

"ஹெல்மெட் சீன்?"

"கண்ணாடியில வெளிச்சம் அடிக்கும், உதடு தெரியாது. வானத்து ஷாட்டுல பின்னணிக் குரல் மட்டும்தான்... ஆனா அக்கா, கதாநாயகி? முகம் நல்லாத்தானே தெரியும்!"

"அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியுமா?"

வாஜித் நெற்றியில் அடித்துக்கொண்டான். தமிழ் தெரியாத நடிகை எதையோ வாயசைப்பார். குரல் கொடுப்பவர் வேறொருவர். காதால் கேட்கிறவர்களுக்கு அது பழகிப்போன விஷயம், யாரும் கண்டுகொள்வதில்லை. உதட்டைப் படித்துப் புரிந்துகொள்கிறவருக்கு அந்த நாற்பது நிமிடமும் வெறும் உளறல். பேசாமல் அழுகிற இடம் மட்டும்தான் உண்மை.

"இசை பதினேழு இடத்துல அறுந்தது அலட்சியம் இல்ல," என்றாள் ஜீனத். "வெட்டினவருக்கு அது கேட்கவே இல்ல. இப்ப அந்தக் கடையை நினைச்சுப் பாரு. முதுகுக்குப் பின்னால யார் வாராங்கன்னு பார்க்கிறதுக்கு ஒரு கண்ணாடி. பின்னால இருந்து கூப்பிட்டா திரும்பாத ஆளு. நீ முகத்தை மூடிக்கிட்டுக் கேட்டப்ப ரெண்டு தடவையும் பதில் இல்ல. திறந்ததும் வந்துச்சு."

வாஜித் எழுந்தான். "வா, போய்ச் சொல்லிருவோம்!"

"என்னன்னு சொல்லுவ? அந்தப் பொண்ணு ரெண்டு வருசமா மறைச்சு வச்சிருக்கு. வேலை போயிரும்னு பயமா, வீட்டுல பயமா, நமக்குத் தெரியாது. அதை ஊருக்குச் சொல்ற உரிமை நமக்கு யாரு குடுத்தா?"

"சொல்லலைன்னா அஞ்சு மணிக்கு இடம் போயிருமே அக்கா!"

"ஆமா" என்றாள் ஜீனத். பிறகு அவனைப் பார்த்து, "உன் விமர்சனத்துல நீ எங்க பார்த்துப் பேசுவ?"

"கேமராவைப் பார்த்து. முகம் மட்டும் பெருசா..." வாஜித்துக்குக் குரல் இறங்கிவிட்டது. தெளிவா இருந்துச்சு என்று அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சுற்றிலும் எல்லோரும் சிரிக்க, அந்தக் கடைசி வரியை அவள் அவனுடைய உதட்டிலேயே படித்திருக்கிறாள். தன் மேல் அவனுக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

நாலரைக்கு ஸ்டுடியோவில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தாள் ஜீனத், ஒவ்வொருவர் முகமும் மற்றவருக்குத் தெரிகிற மாதிரி.

"அல் அமீன், காலையில கெட்டிமேளம் இமைப்பொழுது பிந்தினதுக்கு நாலு தடவை திருத்துனீங்க. படத்துல பதினேழு இடத்துல இசை அறுந்து கிடக்கு. அதோடயா அனுப்பி வச்சீங்க?"

அல் அமீன் ஹெட்போன் ஒயரைச் சுருட்டினான், பிரித்தான்.

"அய்யனார், வானத்துல இருந்து வாசலைக் காட்டுற ஷாட்டுக்காகத்தானே தொழிலுக்கு வந்தீங்க? அந்த ஷாட் இதுல இருக்கா?"

"இருக்குங்க... இல்லாம எப்படி?"

"இல்ல. நீங்க இந்தப் பதிப்பை முழுசாப் பார்க்கவே இல்ல."

அய்யனார் தலையைத் தொங்கப்போட்டான். மொக்கைச்சாமி பதறினார். "அப்ப யாரும்மா? மணி நாலே முக்கால்!"

"அது எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன். வெட்டினவுக விரும்பினா அவுகளே சொல்லட்டும்."

சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. நாலு ஐம்பது. தீபா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாஜித்தால் பொறுக்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் திணித்தான். நாற்காலியை அவளுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெளிச்சம் தன் முகத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"அந்தப் படத்தை இன்னைக்குச் சத்தம் இல்லாமப் பார்த்தேன்," என்றான். "நான் இதுவரைக்கும் பார்த்த படத்துலயே இம்புட்டு நல்ல வெட்டு பார்த்ததில்ல. நான் அன்னைக்குப் பேசினது தப்பு. அந்தக் கடைசி வரி ரொம்பத் தப்பு. அந்த வீடியோவை எடுத்துருவேன். ஆனா அதுக்காக மன்னிக்கணும்னு கேட்கல. அஞ்சு மணி ஆகப்போகுதுன்னு சொல்ல வந்தேன்."

தீபாவின் பார்வை அவன் உதட்டிலிருந்து கண்ணுக்கு ஏறியது.

"ஜெயிச்சா சொல்லலாம்னுதான் பேரை விட்டு வச்சேன்," என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "அப்புறம் உங்க விமர்சனம் வந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னால காய்ச்சல்ல காது போயிருச்சு. அது எனக்குப் பிடிச்ச படம். மறுபடி போட்டா ஒண்ணும் புரியல. எனக்குப் புரியற மாதிரி வெட்டிக்கிட்டேன். அம்புட்டுத்தான்."

மொக்கைச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். "திமிருன்னுல்லம்மா நினைச்சேன்..." என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஏதோ தோன்றியவராய் அவள் பக்கம் திரும்பி, அதையே மறுபடி சொன்னார்.

தீபா கம்ப்யூட்டருக்குப் போய், பெயர்க் கட்டத்தில் தன் பெயரைத் தட்டி அனுப்பினாள். நாலு ஐம்பத்தாறு. பிறகு ஆல்பம் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து வாஜித் முன்னால் வைத்தாள்.

"காது இருக்கான்னு கேட்டீங்கள்ல. வலது பக்கம் கொஞ்சம் இருக்கு. அது பத்தாது," என்றாள். "பதினேழு இடம்னு எண்ணுனீங்களே, எந்த நிமிசம், எந்த நொடின்னு எழுதிக் குடுங்க. சரி பண்ணணும்."

வாஜித் போனில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே குனிந்து எழுத ஆரம்பித்தான். முதல் வரியிலேயே அவள் மேஜையைத் தட்டினாள். நிமிர்ந்தான்.

"குனிஞ்சுக்கிட்டே முணுமுணுக்காதீங்க," என்றாள் தீபா. "என்னப் பார்த்துச் சொல்லிக்கிட்டே எழுதுங்க."